உறுமும் பம்ப், உறங்கும் ஷவர்

வீட்டுக் குழாய், மோட்டார், தண்ணீர் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, கோவை பீளமேட்டில் நீண்ட காலம் மோட்டார் பட்டறை நடத்தியவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் வீடு வடவள்ளியில், கீழும் மாடியுமாக இருக்கிறது. மாடி பாத்ரூம் ஷவரில் தண்ணீர் நூலாக வந்ததால் 2013-ல் மொட்டை மாடியில் டேங்க் பக்கத்திலேயே அரை எச்.பி. பிரஷர் பம்ப் வைத்தோம். ஷவரைத் திறந்தால் தானாக ஓடும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து பம்ப் உறுமுகிறது, ஆனால் சுற்றுவதில்லை. ஒரு தட்டு தட்டினால் சில சமயம் ஓடுகிறது. அடியில் தண்ணீர் சொட்டுகிறது. பிளம்பர் வந்து பார்த்து, "ஆயுசு முடிஞ்சு போச்சு, புதுசு போட்டுடுங்க. அப்படியே சுவரை உடைச்சு டைவர்ட்டரையும் மாத்தி, ரெயின் ஷவர் வெச்சிடலாம்" என்கிறார். சரி செய்ய முடியாதா?
(வாசகி, வடவள்ளி)

பதில்: அம்மா, முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை அந்தப் பம்பை ஓடவிடாதீர்கள். சுற்றாமல் உறுமும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சில நிமிடத்திலேயே காயில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் செம்புக் கம்பி, கருகிவிடும். இப்போது உங்களுக்கு இருப்பது சில நூறு ரூபாயில் முடியக்கூடிய கோளாறு. இன்னும் நாலு தடவை தட்டித் தட்டி ஓட்டினால் பிளம்பர் சொன்னது உண்மையாகிவிடும்.

உறுமினால் கரண்ட் வருகிறது என்று அர்த்தம். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, மோட்டாரைச் சுற்றத் தொடங்க வைக்கும் கண்டன்சர் வலுவிழந்திருக்கும். இரண்டு, இம்பெல்லர், அதாவது பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளும் சக்கரம், ஒட்டிக்கொண்டிருக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்த பிறகு ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறீர்கள், தட்டினால் ஓடுகிறது என்கிறீர்கள். எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. வீட்டுக்கு வைக்கிற சின்னப் பம்புகளில் பித்தளை இம்பெல்லருக்கும் வார்ப்பிரும்பு உடம்புக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மெல்லிய காகித அளவுதான். ஒரு மாதம் சும்மா நின்றால் அந்த இடுக்கில் துரு பிடிக்கும், போர் தண்ணீரின் உப்பு படியும். மோட்டார் திருப்பப் பார்க்கும், முடியாது.

கண்டுபிடிப்பது சுலபம். மெயின் போர்டில் எம்.சி.பி.யையே (ட்ரிப் ஆகிற சுவிட்ச்) இறக்கிவிடச் சொல்லுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரலில் கொடுத்து, அணைத்த பிறகும் மோட்டாரில் கரண்ட் நிற்கும்படி செய்திருக்கும் புண்ணியவான்கள் உண்டு. பிறகு மோட்டாரின் பின்பக்க மூடியைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் ஃபேன் தெரியும். அதை விரலால் சுற்ற வேண்டும். தாராளமாகச் சுற்றினால் குற்றவாளி கண்டன்சர். பழையதில் எழுதியிருக்கும் மைக்ரோஃபாராட் அளவையே பார்த்து வாங்கிப் போட்டால் தீர்ந்தது. கழற்றிய கண்டன்சரில் கரண்ட் தேங்கி நிற்கும், அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொடக் கூடாது என்பதை மட்டும் எலக்ட்ரீஷியனுக்கு நினைவூட்டுங்கள். தெரிந்தவர்தான், ஆனால் அவசரத்தில் மறந்துவிடுவார்கள்.

ஃபேன் அசையவே இல்லை என்றால், முன்பக்கத்தைக் கழற்றி இம்பெல்லரை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். எப்படியும் கழற்றியாக வேண்டும், ஏனென்றால் அடியில் சொட்டுகிறதே, அது மெக்கானிக்கல் சீல். இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், பம்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

மோட்டாரின் தண்டு தண்ணீருக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் உரசிக்கொண்டிருக்கும். ஒன்று கறுப்பு கார்பன், இன்னொன்று வெள்ளை செராமிக். ஒன்று தண்டோடு சேர்ந்து சுற்றும், மற்றது அசையாது. நல்ல சீலைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கார்பன் முகம் கண்ணாடி மாதிரி மின்னும். அதில் மயிரிழைக் கீறல் ஒன்று விழுந்தால் போதும், தண்ணீர் வெளியே வரும். வந்த தண்ணீர் காய்ந்து, தண்டைச் சுற்றி வெள்ளையாகச் சுண்ணாம்பு அடை கட்டியிருக்கும். டேங்க் காலியாக இருக்கும்போது பம்ப் ஓடினால் இந்த முகங்கள் சூடேறி வெடித்துவிடும், கொஞ்ச நேரமே போதும். சீலின் விலை அதிகமில்லை. மாற்றும்போது அந்த இரண்டு முகத்தையும் விரலால் தொடக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கும் மணலும் ஒட்டினால் புதுச் சீலும் ஒழுகும். பழைய பம்போடு சீலை எடுத்துப் போய் அளவு பார்த்து வாங்குங்கள். நம்ம ஊரில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன, கிடைக்காத அளவே இல்லை.

சொட்டுவதைப் பல மாதம் அப்படியே விட்டிருந்தால் தண்ணீர் தண்டு வழியாகப் பேரிங்குக்குப் போயிருக்கும். ஓடும்போது 'கரகர' சத்தம் கேட்டால் இரண்டு பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவது தண்டம்.

சரி, எப்போது தூக்கிப் போடலாம்? காயில் கருகியிருந்தால் யோசியுங்கள். மூடியைத் திறந்ததும் வார்னிஷ் தீய்ந்த வாடை மூக்கில் ஏறும், அதற்கு மீட்டரே வேண்டாம். அரை எச்.பி. மோட்டாரை ரீவைண்டிங் செய்யும், அதாவது காயிலைப் புதிதாகச் சுற்றும் கூலி, புதுப் பம்ப் விலையில் பாதியைத் தொட்டுவிடும். பட்டறை நடத்தியவனே இதைச் சொல்கிறேன், அந்த அளவுள்ள மோட்டாருக்கு அது கட்டுபடியாகாது. உடம்பில் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தாலும், உதிரி பாகமே சந்தையில் இல்லை என்றாலும் புதுசுதான். மற்றபடி 2013 பம்ப் என்பதற்காகவே கடாச வேண்டியதில்லை. வார்ப்பிரும்பு உடம்பு எளிதில் சாகாது.

புதுசே வாங்குகிறீர்கள் என்றால், எச்.பி.யைக் கேட்டு வாங்காதீர்கள். உங்களுக்குத் தேவை எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர் கீழே கொடுக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உங்கள் டேங்குக்கும் மாடி ஷவருக்கும் நடுவே ஆறேழு அடிதான் இருக்கும். அப்படியென்றால் அழுத்தம் 0.2 கிலோதான். ஷவர் நன்றாகப் பொழிய ஒன்று முதல் ஒன்றரை கிலோ வேண்டும். "டேங்கையே உயர்த்திக் கட்டலாமே" என்று சொந்தக்காரர் யாராவது சொல்வார். பத்து அடி உயர்த்தினாலும் கூடக் கிடைப்பது 0.3 கிலோ. ஆயிரம் லிட்டர் டேங்க் நிரம்பினால் ஒரு டன் எடை, அதைத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். பம்பே மேல்.

சாதாரண ஷவர் நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் கேட்கும். ஒரு பாத்ரூமுக்கு, நிமிடத்துக்கு 15-20 லிட்டர் ஓடும்போதும் 10-15 மீட்டர் ஹெட் (தண்ணீரைத் தள்ளி ஏற்றக்கூடிய உயரம்) தருகிற பம்ப் தாராளம். பெட்டியில் 'அதிகபட்ச ஹெட் 30 மீட்டர், அதிகபட்சம் 40 லிட்டர்' என்று போட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது அந்த ஹெட், ஹெட்டே இல்லாதபோது அந்தத் தண்ணீர். நடுவில் என்ன வரும் என்பதற்கு ஒரு வளைகோட்டுப் படம் இருக்கும், கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். காட்டாத கடையில் வாங்காதீர்கள். ஒரு எச்.பி. வாங்கிப் பழைய பைப்பில் மாட்டினால், கழிவறை ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ்தான் முதலில் வெடிக்கும்.

மாட்டும்போது இரண்டு பக்கமும் யூனியனும் (பைப்பை அறுக்காமல் கழற்ற உதவும் இணைப்பு) தண்ணீரை அடைக்க ஒரு பால் வால்வும் (ball valve) வையுங்கள். டேங்கிலிருந்து பம்புக்குத் தனி வாய், பம்பின் வாய் அளவுக்குக் குறையாத பைப். பம்பைச் சுற்றி ஒரு பைபாஸ், அதில் ஒரு என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) இருந்தால் கரண்ட் இல்லாத நாளில் நூல் தண்ணீராவது வரும். டேங்க் காலியானால் தானாக நிற்கிற வசதி அவசியம், சீல் கதையை மேலே படித்தீர்கள். எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல், ஈரத்தோடு சம்பந்தப்பட்ட மோட்டாரை ஓட்டவே கூடாது. மழைக்குப் பாலித்தீன் சுற்றாதீர்கள், சூட்டில் புழுங்கி உள்ளேயே வியர்த்துவிடும். மேலே ஒரு தகரத் தாழ்வாரம் போதும்.

டைவர்ட்டருக்காகச் சுவரை உடைக்க வேண்டாம். தண்ணீரைக் குழாய்க்கும் ஷவருக்கும் திருப்பும் வேலையை உள்ளே இருக்கும் ஒரு கார்ட்ரிட்ஜ் செய்கிறது. முன் மூடியைக் கழற்றினால் வெளியே வரும். அதே மாடலுக்குக் கிடைக்குமா என்று தேடிய பிறகு டைல்ஸ் பக்கம் சுத்தியலைக் கொண்டுபோகட்டும். ரெயின் ஷவர் உங்கள் விருப்பம். நிமிடத்துக்கு 18 லிட்டர் குடிக்கிற ஷவரில் பத்து நிமிடம் நின்றால் 180 லிட்டர். சிறுவாணி தண்ணீர் நாள் விட்டு நாள் வருகிற வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

கேள்வி: அடுக்குமாடியின் மேல்தளத்தில் குடியிருக்கிறோம். எங்கள் ஷவர் பம்போடு ஒரு சின்ன சிவப்பு பிரஷர் டேங்கும் உண்டு. நள்ளிரவில், யாரும் குழாயைத் திறக்காதபோது, சில வினாடி ஓடி நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். தூங்க முடியவில்லை. என்ன செய்வது?
(வாசகர், தாம்பரம்)

பதில்: பம்பைச் சந்தேகப்படாதீர்கள் தம்பி. எங்கோ தண்ணீர் போகிறது, அது தன் கடமையைச் செய்கிறது.

முதலில் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை அதில் நாலு சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பையில் நீலம் இறங்கினால் அடி வாஷர் போய்விட்டது. இரவில் தானாக ஓடுகிறது என்று நான் பார்க்கப் போன வீடுகளில் பாதிக்குமேல் இதுதான்.

அது சரியாக இருந்தால், இரவு படுக்கும்போது பம்புக்கு அடுத்த வால்வை மூடிவிடுங்கள். அப்போதும் ஓடினால் தண்ணீர் பின்பக்கமாக டேங்குக்கே திரும்புகிறது, என்.ஆர்.வி.யில் தூசி சிக்கியிருக்கும். மூடியபோது அமைதியாக இருந்தால் வீட்டுக்குள் ஒழுக்கு.

கடைசியாக அந்தச் சிவப்பு டேங்க். அதற்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது, வெளியே காற்று, உள்ளே தண்ணீர். காற்று இறங்கிவிட்டால் துளி ஒழுக்குக்கும் பம்ப் துள்ளி எழும். பம்பை அணைத்து, குழாயைத் திறந்து பைக்குள் இருக்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற அந்த வால்வில் காற்று அளவைப் பாருங்கள். பம்ப் எந்த அழுத்தத்தில் ஆரம்பிக்கிறதோ அதைவிட இரண்டு பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும். 20-ல் ஆரம்பித்தால் 18. சைக்கிள் பம்பாலேயே அடிக்கலாம். வால்வை அழுத்தும்போது காற்றுக்குப் பதில் தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, அதை மட்டும் மாற்றலாம்.

கேள்வி: லண்டன் ஹாரோவில் பழைய வீடு வாங்கியிருக்கிறோம். பாத்ரூம் சுவரில் பம்ப் உள்ளடங்கிய பவர் ஷவர் பெட்டி இருக்கிறது. முன்பு பிய்த்துக்கொண்டு வந்த தண்ணீர் இப்போது இல்லை, சத்தம்தான் அதிகம். இதை எடுத்துவிட்டு எலக்ட்ரிக் ஷவர் போடலாம் என்கிறார் கணவர். உங்கள் ஊரில் இதெல்லாம் இருக்கிறதா தெரியவில்லை...
(வாசகி, ஹாரோ)

பதில்: மகள் வீடு அந்தப் பக்கம்தான், இதே பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறேன். நம்ம ஊர் மொட்டை மாடி டேங்க் அங்கே பரணுக்குள் இருக்கிறது, வெந்நீர் ஓர் அலமாரிக்குள் செம்பு சிலிண்டரில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் உயரத்திலிருந்து தானாக இறங்குகிற தண்ணீர். அழுத்தம் போதாததால் பெட்டிக்குள் பம்ப்.

பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் எலக்ட்ரிக் ஷவர் வேறு சாதி. பவர் ஷவர் தண்ணீரைச் சூடாக்காது, வருகிற வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தள்ளும். அதற்குச் சின்ன ஃபியூஸ் போதும். எலக்ட்ரிக் ஷவர் தெருக் குழாயின் தண்ணீரை நேரடியாக வாங்கித் தானே சூடாக்கும். 9.5 கிலோவாட் என்றால் 41 ஆம்பியர். போர்டிலிருந்து தடித்த தனி கேபிள் இழுக்க வேண்டும், தெருக் குழாய்த் தண்ணீருக்குத் தனி பைப்பும் வேண்டும். அதற்குப் பிறகும் என்ன கிடைக்கும்? குளிர்காலத்தில் 8 டிகிரியில் வருகிற தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்றினால் நிமிடத்துக்கு நாலேகால் லிட்டர்தான் வரும். பிய்த்துக்கொண்டு வந்த தண்ணீருக்குப் பழகியவர்களுக்கு அது அழுகைதான் தரும்.

முதலில் பெட்டிக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் இரண்டு சல்லடைகளைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பரண் டேங்கின் அடியில் தங்கும் துரு முழுக்க அங்கேதான் வந்து நிற்கும். சத்தம் அதிகம் என்றால் பம்ப் காற்றை விழுங்கலாம். சிலிண்டர் வெந்நீர் 60-65 டிகிரிக்கு மேல் போனாலும் குமிழிகள் வந்து பம்ப் இரையும், தெர்மோஸ்டாட்டை இறக்கிப் பாருங்கள். அப்படியும் தேறவில்லை என்றால் அதே மாதிரி பவர் ஷவரையே மாட்டுங்கள், பைப்பை நகர்த்தும் செலவு மிச்சம். ஆனால் சில வருடத்தில் சிலிண்டரை எடுத்துவிட்டு காம்பி பாய்லர் (தெருக் குழாய்த் தண்ணீரை அப்போதைக்கப்போது சூடாக்கும் பாய்லர்) வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போது புதுப் பெட்டிக்குச் செலவழிக்காதீர்கள், காம்பியோடு அதைச் சேர்க்கவே கூடாது. தெருக் குழாயோடு பம்பைச் சேர்க்கிற எண்ணமும் வேண்டாம். நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப் என்றால், அங்கே தண்ணீர் நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 1999-ம் ஆண்டு விதியே இருக்கிறது.

ஒன்று மட்டும்: அலமாரிக்குள் இருக்கும் பழைய கேட் வால்வைப் பலமாகத் திருகாதீர்கள். கைப்பிடி கையோடு வந்துவிடும், வால்வு மூடாது, பரண் டேங்க் முழுக்க கீழே இறங்கும். பிளம்பர் வரும் நாளில் அவரே திருகட்டும்.

கேள்வி: ஷவருக்குப் பிரஷர் பம்ப் வைத்ததிலிருந்து 15 லிட்டர் ஹீட்டரின் பக்கத்து வால்வில் தண்ணீர் சொட்டுகிறது. மூடி அடைத்துவிடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: அடைக்கவே கூடாது. ஹீட்டர் வெடிக்காமல் காப்பாற்றுவதே அந்த வால்வுதான்.

தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் முழுக்கச் சூடாகும்போது கால் லிட்டருக்கு மேல் கூடுகிறது. முன்பு அது டேங்க் பக்கமே திரும்பிப் போயிருக்கும்; இப்போது பம்போடு வந்த என்.ஆர்.வி. வழியை மறித்துவிட்டது, அதனால் வால்வு வழியாக வருகிறது. சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலைப்பட வேண்டாம், ஒரு டியூபை மாட்டி வடிகாலுக்கு விடுங்கள். எந்நேரமும் சொட்டினால் ஹீட்டரின் பெயர்ப் பட்டையில் எம்.பி.ஏ. (MPa, அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 0.8 என்றால் எட்டு கிலோ அழுத்தம் தாங்கும், வீட்டுப் பம்ப் அதன் பக்கத்திலேயே வராது. அப்படியானால் வால்வில் உப்புக் கல் சிக்கியிருக்கிறது, மாற்றுங்கள். அந்த எண் மிகக் குறைவாக இருக்கும் பழைய ஹீட்டர் என்றால், பம்ப் வரும் பைப்பிலிருந்து ஹீட்டரைப் பிரித்துவிடுங்கள்.

கேள்வி: மாநகராட்சிக் குழாயிலேயே சின்னப் பம்ப் போட்டு நேராக ஷவருக்குக் கொடுத்தால் டேங்கே வேண்டாமே?
(வாசகர், திருப்பூர்)

பதில்: மோட்டாரைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், இணைப்பையும் துண்டிப்பார்கள். அது போகட்டும். நீங்கள் உறிஞ்சும்போது தெருப் பைப்பில் எங்கே விரிசல் இருந்தாலும் அங்கிருக்கும் சாக்கடையும் சேர்ந்து உள்ளே வரும், உங்கள் வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும். தரைத்தொட்டியில் பிடித்து, மேலே ஏற்றி, அங்கிருந்து எடுங்கள்.

கேள்வி: பம்ப் நன்றாக ஓடுகிறது. ஆனால் ஷவரில் பாதி ஓட்டையில் தண்ணீரே இல்லை, மீதி சுவர்ப் பக்கம் பீய்ச்சுகிறது.
(வாசகி, நாமக்கல்)

பதில்: போர் தண்ணீரா? குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லி கிராம், வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. பல போர்களில் அதையும் தாண்டும். ஷவர் தலையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்பைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தால் உதிரும். பாத்ரூம் ஆசிட் ஊற்றினால் குரோம் உரிந்து பித்தளை பல்லிளிக்கும். திரும்ப மாட்டுவதற்கு முன், தலை இல்லாமலே பம்பை ஒரு நிமிடம் ஓடவிட்டு பைப்பில் உள்ள பொருக்கையும் வெளியேற்றிவிடுங்கள். மரையில் டெஃப்லான் டேப்பை நாலு சுற்று சுற்றிக் கையாலேயே முறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம்.